மூலையில் கிடந்த 2.5 எச்.பி. அவுட்போர்டு: கார்புரேட்டரிலிருந்து தண்ணீர் பம்ப் வரை

கைக்கு வந்தது ஒற்றை சிலிண்டர், 4-ஸ்ட்ரோக், 2.5 எச்.பி. அவுட்போர்டு மோட்டர், அதாவது படகின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின். எடை சுமார் 14 கிலோ, குட்டைத் தண்டு, தலைக்குள்ளேயே ஒரு லிட்டர் அளவுக்குச் சின்ன பெட்ரோல் டேங்க். முன்பு வைத்திருந்தவர் கடைசியாக ஓட்டிய கையோடு அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். டேங்கில் பெட்ரோல், கார்புரேட்டரில் பெட்ரோல், காலுக்குள் (தண்ணீர் பம்ப்பும் கியரும் இருக்கிற கீழ்ப்பகுதி) உப்புத் தண்ணீர், எதையும் வடிக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் பிடிக்கிறது, சோக்கை உள்ளே தள்ளினால் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்து மூன்று மீட்டர் காற்றடைத்த படகில் மாட்டி, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுகிற மாதிரி ஆக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்த மாதிரி மோட்டர் கிடைத்தால் எல்லாரும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வார்கள், பிடித்து ஓடினதும் சந்தோஷமாக மூடியை மாட்டிவிடுவார்கள். ஆனால் ஸ்டார்ட் ஆகாத மோட்டர் உங்களைக் கரையில்தான் நிறுத்தும். குளிர்விக்கும் தண்ணீர் ஏறாத மோட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறி, பிஸ்டன் பிடித்து, ஒரேயடியாகப் போய்விடும். அதனால் இந்தப் பதிவில் கார்புரேட்டருக்குச் சமமான இடம் காலுக்கும் உண்டு.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பார்க்கவேண்டியது கில் சுவிட்ச், எஞ்சினை உடனே அணைக்கிற சுவிட்ச். சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் சரியாக உட்காரவில்லை என்றால் ஸ்பார்க்கே வராது. அதைக் கவனிக்காமல் எஞ்சினையே பிரித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். இதில் கிளிப் நன்றாக இருந்தது. பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் நீல நிறத்தில் பட்பட்டென்று பொறி வந்தது. (பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறியை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.) பிளக் முனை கறுப்பாக, ஈரமாக இருந்தது, சோக்கிலேயே ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். கம்ப்ரெஷன் கயிற்றிலேயே தெரிகிறது, இழுக்கும்போது ஒரு இடத்தில் கை தடுக்கவேண்டும். கேஜ் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கயிறு இழுப்பதைச் சுலபமாக்க சில 4-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் தானியங்கி டிகம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) இருக்கும், அதில் கேஜ் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து ரிங் மாற்றக் கிளம்பவேண்டாம்.

எஞ்சின் ஆயிலை ஒரு துணியில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி) ஒழுகி, பெட்ரோல் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வாடை இல்லை, ஆனாலும் ஆயில் கறுத்திருந்ததால் மாற்றியாயிற்று. இந்த அளவு எஞ்சின் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆயில் குடிக்கும், அதனால் கொஞ்சம் கூட ஊற்றினாலே அளவு தாண்டிவிடும், அப்புறம் அது காற்றுக்குழாய் வழியாக ஏறிப் புகையாக வரும்.

சரி, கார்புரேட்டர். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை. சோக் காற்றை அடைத்து, இருக்கிற கொஞ்சப் பெட்ரோலை இழுத்துக்கொடுத்து ஓட வைக்கிறது. பெரும்பாலும் காரணம் பைலட் ஜெட், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னத் துளைத் திருகு. அதன் ஓட்டை தலைமுடி நுழைகிற அளவுதான் இருக்கும். பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகப் படிந்து அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது இரண்டு சேதத்தையும் பார்க்க முடிந்தது. சுவரில் பழுப்புப் பிசின், அடியில் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி.

கழற்றுவதற்கு முன் ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (மெதுவாக ஓடும்போது காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்வது) மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டுதான் வெளியே எடுக்கவேண்டும். கடைசியில் அழுத்தித் திருகினால் அதன் ஊசி முனை நசுங்கிவிடும். சில மோட்டர்களில் இந்த ஸ்க்ரூவை ஒரு சின்ன மூடியால் கம்பெனியே அடைத்திருக்கும், புகை விதிகளுக்காக. ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெயின் ஜெட்டில் ஒளி தெரிந்தது, பைலட்டில் ஒன்றும் தெரியவில்லை. கார்புரேட்டர் கிளீனரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, அப்புறம் மின் ஒயரின் செம்பு இழை ஒன்றை விட்டு எடுத்தேன். ஊசி, ஸ்டீல் கம்பி எதுவும் வேண்டாம். ஜெட் பித்தளை, ஸ்டீல் அதைச் சுரண்டி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் ஐடிலிங் ஒழுங்காக நிற்காது. பாடியில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் ஸ்ப்ரே அடித்தால் அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கவேண்டும், எங்கேயும் வரவில்லை என்றால் அந்த வழி இன்னும் அடைத்திருக்கிறது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், ஒரு ஓட்டையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு ஓட்டை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும்.

ஃப்ளோட் நீடிலின் முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்ததால் புதிதாக மாற்றினேன். கிண்ணத்தின் ரப்பர் வளையமும் மாற்றியது, பழையது உப்பி நீண்டிருந்தது, எவ்வளவு முயன்றாலும் பள்ளத்தில் உட்காராது. டேங்க் குழாயை வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள், அதுவும் போயிற்று. டேங்கைக் கவிழ்த்துக் கழுவி, குழாய்க்கு முன்னால் இருக்கிற சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்தேன்.

மறுபடி மாட்டி இழுத்தால் பிடித்துக்கொண்டது, சோக்கை எடுத்தும் அணையாமல் ஓடியது. ஆனால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மெதுவாகச் சோர்ந்து நிற்க ஆரம்பித்தது. டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம், அப்புறம் மறுபடியும் ஓடும். மூடியின் நடுவில் இருக்கிற காற்றோட்ட ஸ்க்ரூவைத் திறந்துதான் வைத்திருந்தேன், ஆனால் உள்ளே உப்பு அடைத்திருந்தது. டேங்குக்குள் காற்று போகவில்லை என்றால் பெட்ரோல் கீழே இறங்காது. மோட்டரைத் தூக்கிப் போகும்போது அந்த ஸ்க்ரூவை மூடவேண்டும், ஓட்டும்போது திறக்கவேண்டும். ஐந்து நிமிடம் ஓடி நிற்கிற சின்ன அவுட்போர்டு என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.

இதையெல்லாம் பெரிய பிளாஸ்டிக் ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டரை ஒரு தடித்த பலகையில் மாட்டி, திறந்த வெளியில் வைத்துத்தான் செய்தேன். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டேன், இல்லாவிட்டால் பாதித் தண்ணீரை வெளியே வாரி இறைத்துவிடும், கைக்கும் ஆபத்து. தண்ணீர் மட்டம் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டைப் பட்டையைத் தாண்டி நிற்கவேண்டும். உலர்ந்த நிலையில் ‘பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்’ என்று ஓட்டுகிறவர்கள், பம்ப் ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ட்ரம்மில் ஓடும்போதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீச்சவேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பென்சில் பருமனுக்கு நேராக அடிக்கவேண்டிய இடம் அது. உடனே அணைத்துவிட்டேன். அந்த ஓட்டையே அடைத்திருக்கலாம் என்பதால் முதலில் புல்வெட்டியில் போடுகிற நைலான் நரம்பு ஒன்றை உள்ளே விட்டுக் குடைந்து பார்த்தேன். கொஞ்சம் உப்புக்கட்டி வந்தது, ஆனால் தண்ணீர் வேகம் மாறவில்லை. ஆக, காலைக் கழற்றியே தீரவேண்டும்.

காலைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினிய உடம்பு, நடுவில் உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்து, அந்தப் பொடியே போல்ட்டை இறுக்கிக்கொள்ளும். இதில் அவசரப்பட்டால் போல்ட் தலை முறிந்து கையோடு வந்துவிடும். துரு கழற்றும் எண்ணெயை விட்டு ஒரு நாள் வைத்து, ஹீட் கன்னால் அலுமினியப் பக்கத்தைச் சூடாக்கி (அது ஸ்டீலைவிட அதிகமாக விரியும், டேங்கை முன்பே கழற்றித் தூர வைத்திருக்கவேண்டும்), முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி, அப்புறம் கழற்றுகிற பக்கம் ஒரு துளி என்று ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும். கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், அது நல்ல சத்தம். ஒன்று சீக்கிரம் வந்துவிட்டது, இன்னொன்று பொறுமையைச் சோதித்தது. இந்த இடத்தில் காற்றால் குளிரும் மோட்டர் வைத்திருப்பவர்கள்மேல் பொறாமை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஹோண்டாவின் 2.3 எச்.பி. மோட்டர் அப்படிப்பட்டது, அதில் இம்பெல்லரே (தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்) கிடையாது. சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

கால் இறங்கியதும் பம்ப் கப்பைத் திறந்தால் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்தபடி கெட்டியாகிவிட்டிருந்தன. புதிய இம்பெல்லரில் இதழ்கள் நேராக நிற்கும், கப் மையம் விலகி இருப்பதால் ஒரு பக்கம் அமுங்கி, மறு பக்கம் விரிந்து, அந்த விரிதலில்தான் தண்ணீரை இழுக்கும். விரியாத இதழ் எதையும் இழுக்காது. போதாததற்கு ஒரு இதழின் நுனியையே காணோம். அந்தத் துண்டு மேலே போகிற குழாயில் எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் ஓடும்போது அது ஏதாவது ஒரு வளைவில் போய் உட்கார்ந்து தண்ணீரை நிறுத்தும். செம்புக் குழாயைக் கழற்றி எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்ததில் துண்டு வெளியே விழுந்தது, கூடவே மணலும். சில சின்ன மோட்டர்களில் இந்தப் பம்ப் ப்ரொப்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், ப்ரொப்பெல்லர் தண்டிலேயே இருக்கும். அவற்றில் காலைக் கழற்றவே தேவையில்லை. வாங்குவதற்கு முன் பார்த்துவைக்கவேண்டிய விஷயம் இது, ஆனால் விளம்பரத் தாளில் யாரும் எழுதமாட்டார்கள்.

கப்பின் உள்சுவரையும் அடித்தகட்டையும் விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு இருந்தால் அதையும் மாற்றவேண்டும், இதில் இல்லை. இம்பெல்லரைத் தண்டோடு பூட்டுகிற சின்னச் சாவித் துண்டு மிகச் சுலபமாகத் தவறி விழும், கிரீஸ் தடவி ஒட்டி வைத்தால் நிற்கும். இதழ்களுக்கு ரப்பரைக் கெடுக்காத கிரீஸ் கொஞ்சம் தடவி, தண்டு ஓடும்போது எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு கப்பை மேலிருந்து அழுத்தினால் இதழ்கள் சரியான திசையில் மடங்கி உள்ளே போகும். பெரும்பாலான மோட்டர்களில் மேலிருந்து பார்த்தால் அது கடிகாரச் சுற்று.

காலைத் திரும்ப ஏற்றும்போது மூன்று விஷயம் ஒரே நேரத்தில் பொருந்தவேண்டும்: தண்டின் பல், கியர் கம்பி, தண்ணீர்க் குழாய். பொருந்தாமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் எதையாவது வளைத்துவிடுவோம். ஃப்ளைவீலைக் கயிற்றால் லேசாகத் திருப்பினால் பல் தானாக விழும். தண்டின் பல் பக்கங்களில் கிரீஸ் போடலாம், தலை உச்சியில் போடக்கூடாது. உச்சியில் குவிந்த கிரீஸ் அமுங்க இடமில்லாமல் தண்டை முழுதாக ஏறவிடாது. போல்ட்களுக்கு மரைகளில் தாராளமாகக் கடல் கிரீஸ் தடவித்தான் மாட்டினேன், அடுத்த தடவை கழற்றப்போவதும் நான்தான்.

மறுபடி ட்ரம்மில் ஓட்டினால் தண்ணீர் அடித்த வேகத்தில் ட்ரம்முக்கு வெளியே போய் விழுந்தது. கையில் பிடித்தால் வெதுவெதுப்பாக இருந்தது, அப்படித்தான் இருக்கவேண்டும்.

கியர் ஆயிலைப் பற்றி சுருக்கமாக. கீழ் ஸ்க்ரூவைத் திறந்து, மேல் ஸ்க்ரூவையும் திறந்தால் வடியும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இதில் அப்படித்தான் இருந்தது. காரணம் ப்ரொப்பெல்லரைக் கழற்றியதும் கிடைத்தது: தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றி, ஆயில் சீலின் உதட்டை அறுத்திருந்தது. தண்ணீரில் கிடக்கிற நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவ்வப்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சீல் மாற்றினேன். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக மேல்நோக்கி ஏற்றவேண்டும், அப்போதுதான் காற்று முழுதாக வெளியேறும். மேல் ஓட்டையில் ஆயில் வந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டு அப்புறம் கீழே மூடினால் சிந்தாது. ஸ்க்ரூவின் வாஷர்கள் புதிது. ஷியர் பின்னும் பாதி வளைந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று. பாறையில் அடித்தால் ஒடிந்துபோய்க் கியரைக் காப்பாற்றுவதுதான் அந்தப் பின்னின் வேலை, ஒடிந்த இடத்தில் ஆணியைச் சொருகினால் அடுத்த அடியில் கியர்தான் ஒடியும். மாற்றுப் பின் இரண்டு, கோட்டர் பின், ஒரு சின்னக் குறடு, இவை மோட்டர் மூடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டியிருக்கின்றன.

படகில் மாட்டும் கதை தனி. குட்டைத் தண்டு என்றால் 15 அங்குலம், அதாவது படகின் பின்பலகை உச்சியிலிருந்து அடிவரை சுமார் 38 செ.மீ. இருக்கவேண்டும். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டைப் பட்டை படகின் அடிமட்டத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நிற்பதுதான் கணக்கு. இந்தப் படகின் பலகை தாழ்வாக இருந்ததால் கால் அதிகமாக மூழ்கி, ஓடும்போது தண்ணீர் மேலே ஏறி அடித்தது. பலகை உச்சியில் 25 மி.மீ. கட்டையை வைத்து உயர்த்தினதும் அது நின்றது. அதற்காக ரொம்பவும் உயர்த்திவிட்டால் எதிர்த்தொல்லை வரும். திரும்பும்போதும் அலையில் ஏறும்போதும் ப்ரொப்பெல்லர் மேலே இருந்து காற்றை இழுத்து, எஞ்சின் அலறும், படகு நகராது. கிளாம்ப் ஸ்க்ரூக்களைக் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்கவேண்டும், கட்டை அமுங்கி அவை தளரும். கிளாம்ப்பை நம்பாமல் மோட்டரிலிருந்து படகுக்கு ஒரு கயிறும் கட்டியிருக்கிறது. கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில். தனியாக ஓட்டும் லேசான படகில் ஆள் விழுந்தால் படகு நிற்காமல் போய்விடும், அல்லது வட்டமடித்துத் திரும்பி ஆள்மேலேயே வரும்.

வேகம் பற்றி நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். எழும்பாமல் தண்ணீரைப் பிளந்து போகும் படகுக்கு, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் ஏறக்குறைய நாட் கணக்கில் உச்ச வேகம். ஒன்பது அடிக்கு நான்கு நாட், மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போல. 2.5 எச்.பி. இதுவரை சிரமமில்லாமல் கொண்டுபோகும். அதற்கு மேல் திராட்டிலைத் திருகினால் மூக்கு தூக்குவதும் பெட்ரோல் தீர்வதும்தான் நடக்கும். முழுத் திராட்டிலில் மணிக்கு ஒரு லிட்டர் போலக் குடிக்கும், பாதியில் வைத்தால் வேகம் கொஞ்சம்தான் குறைகிறது, டேங்க் நன்றாகவே நீண்டு வருகிறது. பின்னால் ஆளும் மோட்டரும் ஒரே இடத்தில் இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கைப்பிடிக்கு ஒரு நீட்டுக் குழாய் போட்டு நடுவில் உட்கார்ந்ததில் அது சரியாயிற்று. ரிவர்ஸ் கியர் கிடையாது, மோட்டரையே முழுதாகத் திருப்பித்தான் பின்னால் போகவேண்டும். ஐடிலிங்கில் வைத்துவிட்டுத் திருப்பினால் பிரச்சினை இல்லை, வேகத்தில் திருப்பினால் பின்பக்கம் தண்ணீர் உள்ளே வரும்.

இவ்வளவு வேலைக்குப் பதில் மின்சார மோட்டர் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தண்டுக்குத் தருகிறது என்று வைத்தாலும் 1.8 வருகிறது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி முழுதாக 1.28 கிலோவாட் மணிதான், எடை பத்துக் கிலோவுக்கு மேல். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி பாதியாக அல்ல, ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும். அதனால் அமைதியான குளத்தில் மெதுவாகப் போகிறவருக்கு மின்சாரம்தான் சரி, எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் திரும்பி வரவேண்டியவர் பெட்ரோலோடு இருக்கலாம். நான் இரண்டாவது வகை.

இப்போது ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் ட்ரம்மில் பத்து நிமிடம் ஓட்டி, பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை விட்டு, கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவையும் திறந்து மிச்சத்தை வடித்துவிடுகிறேன். நிமிர்த்தி வைத்துக் கால் வடிந்த பிறகுதான் படுக்க வைப்பது, அதுவும் மூடியில் குறித்திருக்கும் பக்கமாக மட்டும். வேறு பக்கம் படுக்கவைத்தால் 4-ஸ்ட்ரோக்கில் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். இன்னும் பாக்கி: ப்ரொப்பெல்லர் இறக்கை ஒன்றின் நுனி நசுங்கியிருக்கிறது, அரத்தால் தேய்த்துச் சமன் செய்தும் வேகத்தில் லேசான அதிர்வு இருக்கிறது. புதிய ப்ரொப்பெல்லர் வரும்வரை பாதித் திராட்டில்தான்.